கஜானா இல்லாத நாட்டின் நிதியமைச்சர்

சார்நிலைக் கருவூலத்தில் பில் பாஸ் பண்ணியே தலை நரைத்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. பட்ஜெட் உரை, தணிக்கை அறிக்கை, வாஷிங்டனில் இருக்கும் சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்பின் அறிக்கை என்று எது கையில் கிடைத்தாலும் பின்னிணைப்பு அட்டவணை வரை படித்துவிடுவேன். "சம்பளம் கொடுத்தாலும் இதை யாரும் படிக்க மாட்டாங்க" என்பது என் மனைவியின் நிரந்தரக் கருத்து. மறுக்க முடியாது. ஆனால் சில நல்ல மனிதக் கதைகள் அந்த அட்டவணைகளுக்குள்தான் கிடக்கின்றன.

அப்படி நான் கண்டுபிடித்த ஆள் அப்திரஹ்மான் துவாலே பெய்லே. 2017 மார்ச்சிலிருந்து 2022 ஆகஸ்ட் வரை சோமாலியாவின் நிதியமைச்சர். சோமாலியா என்றதும் நம் பத்திரிகைகளுக்குக் கடற்கொள்ளையரும் பஞ்சமும் குண்டுவெடிப்பும்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒரு நிதியமைச்சர் இருப்பார், அவர் மாதாமாதம் வரவு செலவு அறிக்கை தயாரிப்பார், அதை வாஷிங்டனில் ஒருவர் வரிக்கு வரி சரிபார்ப்பார் என்பதெல்லாம் நமக்குத் தோன்றுவதே இல்லை.

பெய்லே வடக்கே சோமாலிலாந்துப் பகுதியைச் சேர்ந்தவர். அமெரிக்காவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம், அப்புறம் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியில் வேலை. 2014 ஜனவரியில் வெளியுறவு அமைச்சராகத்தான் அரசுக்குள் வந்தார். சோமாலியாவில் அமைச்சர் பதவிக்கு ஆயுள் குறைவு. ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் ஒத்துப்போகாது. பிரதமரை நாடாளுமன்றம் கவிழ்க்கும். மொத்த அமைச்சரவையும் கூடவே போகும். அந்த வருஷக் கடைசியில் பிரதமர் அப்திவெலி ஷேக் அகமது நம்பிக்கை வாக்கெடுப்பில் விழுந்தார், பெய்லேயின் முதல் பதவி ஒரே வருஷத்தில் முடிந்தது. நிதி அமைச்சகத்திலும் இதே நிலைமைதான். 2012-இல் கூட்டாட்சி அரசு அமைந்ததிலிருந்து 2017 தொடக்கத்துக்குள் மூன்று நிதியமைச்சர்கள் வந்து போயிருந்தார்கள். நான்காவதாக வந்த பெய்லே ஐந்து வருஷத்துக்கு மேல் அந்த நாற்காலியில் இருந்தார். அவருடைய சாதனை என்ன என்று கேட்டால் முதலில் அதைத்தான் சொல்வேன். கணக்கு வேலையில் பாதி, ஆள் மாறாமல் இருப்பதுதான்.

2017 பிப்ரவரி 8 அன்று முகமது அப்துல்லாஹி ஃபர்மாஜோ ஜனாதிபதியானார். தலைநகர் மொகதிஷுவின் விமான நிலைய வளாகத்தில் ஒரு விமானக் கொட்டகையில் வைத்து எம்பிக்கள் வாக்களித்தார்கள். நகரத்தில் வேறெங்கும் அவ்வளவு பேரைப் பத்திரமாகக் கூட்ட முடியாது. ஹசன் அலி கைரே பிரதமர். மார்ச்சில் அமைச்சரவை. அதில் இளையவர் பொதுப்பணித் துறையை ஏற்ற அப்பாஸ் அப்துல்லாஹி சிராஜி. கென்யாவின் தாதாப் அகதி முகாமில் வளர்ந்தவர், 31 வயது. மே 3 அன்று ஜனாதிபதி மாளிகைக்கு அருகே காரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தீவிரவாதி என்று தவறாக எண்ணிச் சுட்டவர்கள் அரசாங்கத்தின் தலைமைத் தணிக்கையாளருடைய பாதுகாவலர்கள். தணிக்கை அதிகாரிக்குத் துப்பாக்கிக் காவல் வேண்டியிருக்கும் நாடு அது. எங்கள் ஆபீசுக்கு ஆடிட் பார்ட்டி வந்தால் காபி வாங்கி வைப்பதோடு சரி.

சரி, பெய்லே பொறுப்பேற்றபோது பெட்டியில் என்ன இருந்தது?

2016-இல் கூட்டாட்சி அரசின் மொத்த உள்நாட்டு வருவாய் சுமார் 11.2 கோடி டாலர். மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டிய நாடு. தலைக்குப் பத்து டாலர்கூட இல்லை, அதுவும் ஒரு வருஷத்துக்கு. அதிலும் பெரும்பகுதி மொகதிஷு துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் வந்தது. துறைமுகத்தை 2014-லிருந்து நடத்துவது அல்பைராக் என்ற துருக்கி நிறுவனம். மற்ற துறைமுகங்களின் வசூல் மத்திய அரசுக்கு வராது. பொசாஸோ துறைமுகம் புன்ட்லாந்து மாநிலத்தின் கையில், கிஸ்மாயு ஜுபாலாந்து மாநிலத்தின் கையில். பெர்பெரா சோமாலிலாந்துடையது, அவர்கள் 1991-லேயே தனி நாடு என்று அறிவித்துவிட்டவர்கள். வருமான வரி போடச் சட்டம் உண்டு, வசூலிக்கப் போகிற ஆள் உயிரோடு திரும்புவாரா என்பது வேறு விஷயம்.

நாணயம் இதைவிட வேடிக்கை. பழைய நோட்டு சேகரிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து சோமாலியாவின் 1000 ஷில்லிங் நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். முன்பக்கம் பெண்கள் உட்கார்ந்து கூடை பின்னுகிறார்கள், பின்பக்கம் மொகதிஷு கடற்கரை. பார்க்க லட்சணமான நோட்டு. நண்பர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார், இது நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று என்னைக் கேட்காதே என்று. கேட்டும் பயனில்லை. 1991-இல் அரசு சரிந்ததும் மத்திய வங்கியும் போயிற்று. அதன் பிறகு அதிகாரபூர்வமாக நோட்டே அடிக்கவில்லை. ஆயுதக் குழுத் தலைவர்களும் வியாபாரிகளும் வெளிநாட்டு அச்சகங்களில் அடித்துக் கப்பலில் இறக்கினார்கள். புழக்கத்தில் இருப்பதில் சுமார் 98 சதவீதம் கள்ள நோட்டு என்பது ஐஎம்எஃப் சொன்ன கணக்கு. மக்கள் அதையே வாங்கி அதையே கொடுத்துப் பிழைத்தார்கள். பெய்லே காலத்தில் ஒரு டாலருக்கு 23 ஆயிரம், 25 ஆயிரம் ஷில்லிங். என் நோட்டின் மதிப்பு நாலு சென்ட். கொஞ்சம் பெரிய கொடுக்கல் வாங்கல் என்றால் டாலர்தான், அதுவும் கைப்பேசியில். 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 73 சதவீதம் பேர் மொபைல் மணி பயன்படுத்துகிறார்கள் என்று உலக வங்கி 2017-இல் சொன்னது. ஹோர்முத் நிறுவனத்தின் ஈவிசி பிளஸ் இல்லாமல் மொகதிஷுவில் ஒரு டீ குடிப்பதே கஷ்டம்.

ஒரு நிதியமைச்சரின் கோணத்தில் இதைப் பாருங்கள். அவரால் நோட்டு அடிக்க முடியாது. கடன் வாங்கவும் முடியாது, ஏன் என்று கீழே சொல்கிறேன். பற்றாக்குறை பட்ஜெட் என்ற சொகுசே கிடையாது. அந்த மாதம் வந்த காசை அந்த மாதம் பங்கிட வேண்டியதுதான். நம்மூர் நிதியமைச்சர்கள் யாராவது ஆறு மாதம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கு அடிக்கடி ஒரு கெட்ட ஆசை வரும்.

இப்போது கடன். 1969-இல் ராணுவப் புரட்சியில் ஆட்சியைப் பிடித்த சியாத் பர்ரே முதலில் சோவியத்திடம் வாங்கினார். 1977-இல் ஒகாதேன் நிலத்துக்காக எத்தியோப்பியாவோடு போருக்குப் போக, சோவியத் எத்தியோப்பியா பக்கம் சாய்ந்தது. உடனே இவர் அமெரிக்கா பக்கம், இத்தாலி பக்கம். பனிப்போர்க் காலத்தில் எந்தக் கூடாரத்தில் நின்றாலும் கடன் கிடைத்தது. எண்பதுகளின் நடுவிலேயே திருப்பிக் கட்ட முடியாமல் தவணை மாற்றிக் கேட்டார்கள். 1991 ஜனவரியில் பர்ரே தப்பி ஓடினார், அரசும் இல்லாமல் போனது. பூட்டிக் கிடக்கும் வீட்டிலும் மின் மீட்டர் ஓடுவது மாதிரி, கட்ட ஆளே இல்லாத நாட்டின் பேரில் வட்டியும் அபராத வட்டியும் ஏறிக்கொண்டே இருந்தன. 2018 முடிவில் மொத்தம் சுமார் 520 கோடி டாலர். ஏறக்குறைய முழுவதும் நிலுவை. அந்தக் கடனில் போட்ட சாலையில் நடந்த தலைமுறையில் பாதிப்பேர் இன்று இல்லை.

நிலுவை வைத்திருக்கும் நாட்டுக்கு உலக வங்கியும் ஐஎம்எஃப்பும் புதிதாகக் கடன் தராது. ஏழை நாடுகளின் பெருங்கடனைத் தள்ளுபடி செய்ய 1996-லேயே ஒரு திட்டம் போட்டிருந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் பலன் பெற்று வெளியே வந்துவிட்டன. சோமாலியாவால் வாசலைக்கூட மிதிக்க முடியவில்லை. உள்ளே வர வேண்டுமென்றால் முதலில் ஒழுங்காகக் கணக்கு வைக்கத் தெரியும் என்று காட்ட வேண்டும். அதைக் காட்டுவதற்கு ஐஎம்எஃப் வைத்திருக்கும் தேர்வுதான் அலுவலர் கண்காணிப்புத் திட்டம். இதில் பணம் கிடையாது. இத்தனை வருவாய் திரட்டுவேன், புதிய நிலுவை வைக்க மாட்டேன், இன்ன சட்டம் கொண்டுவருவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவர்கள் வந்து பார்ப்பார்கள், மதிப்பெண் போடுவார்கள். அவ்வளவுதான். முதல் திட்டம் 2016 மே மாதம், பெய்லேக்கு முன்பிருந்த முகமது ஆதன் இப்ராஹிம் ஃபர்கேத்தி காலத்தில் தொடங்கியது. அதை முடித்து, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று வரிசையாக ஏறியவர் பெய்லே.

இந்தத் திட்டங்களின் ஆவணங்களைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. ஏனென்றால் அதில் இருப்பதெல்லாம் நாங்கள் பயிற்சியில் முதல் வாரம் படித்தவை. அரசின் எல்லா வரவும் ஒரே கருவூலக் கணக்குக்கு வர வேண்டும். அமைச்சகங்கள் தனித்தனியாக வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஒதுக்கீடு இல்லாமல் செலவு கூடாது. மாதம் முடிந்ததும் கணக்கை ஒத்திட வேண்டும். இருபத்தாறு வருஷம் மத்தியக் கருவூலம் என்ற ஒன்றே நடைமுறையில் இல்லாமல் கிடந்த இடத்தில், குண்டுகளுக்கு நடுவே, இதைத் தொடக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும்.

சம்பளப் பட்டுவாடா பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அது என் சொந்தத் துறை. பட்டியலில் பேர் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். எந்த நாட்டிலும் இந்த வியாதி உண்டு. சோமாலியா ராணுவத்தில் அது முற்றிப் போயிருந்தது. சம்பளம் ரொக்கமாகத் தளபதி கைக்குப் போகும். அவர் தனக்குக் கீழே இத்தனை பேர் என்று சொல்வார். அந்த எண்ணிக்கையில் செத்தவர் உண்டு, ஓடிப்போனவர் உண்டு, பிறக்காதவரும் உண்டு. உண்மையான சிப்பாய்க்குப் பல மாதம் ஒன்றும் வராது. வந்தாலும் நடுவில் இருப்பவர்கள் கிள்ளியது போகத்தான் வரும். சிப்பாய் தன் துப்பாக்கியைச் சந்தையில் விற்றுவிட்டு வீட்டுக்குப் போவான். 2017 டிசம்பரில் அமெரிக்கா, கணக்கு சரியில்லை என்று சொல்லி அந்த ராணுவத்தின் பெரும்பகுதிக்குக் கொடுத்துவந்த உணவையும் எரிபொருளையும் நிறுத்தியது.

இதற்கு மருந்தாக வந்தது கைரேகைப் பதிவு. ஒவ்வொரு சிப்பாயையும் நேரில் நிறுத்தி, ரேகை எடுத்து, அவர் பேரில் கணக்குத் திறந்து, சம்பளத்தை நேராக அதில் போடுவது. சொல்ல எளிது. தளபதியின் மாத வருமானம் அதோடு போகிறது என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தத் தளபதியிடம் ஆட்களும் ஆயுதமும் இருக்கின்றன, குலச் செல்வாக்கும் இருக்கிறது. நிதியமைச்சரிடம் இருப்பது ஒரு எக்செல் ஷீட். 2019 மார்ச்சில் சம்பளம் வரவில்லை என்று சில முகாம்களிலிருந்து வீரர்கள் வெளியேறினார்கள், அரசை எதிர்த்துப் போரிடும் தீவிரவாதக் குழுவான அல்-ஷபாப் அந்த இடங்களுக்குள் நுழைய வழி கிடைத்தது. பதிவுக்கு வராதவருக்குச் சம்பளம் இல்லை என்பதில் அரசு நின்றது. இது சரியா தவறா என்று இன்றும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை. பில்லில் குறை இருந்தால் திருப்பி அனுப்பு என்பது விதி. திருப்பி அனுப்பிய பில்லுக்குப் பின்னால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும் என்பதும் தெரிந்ததே. எங்கள் ஊரில் அதனால் ஒரு முகாம் எதிரி கைக்குப் போனதில்லை.

வருவாய்ப் பக்கமும் சும்மா ஏறவில்லை. 2018 தொடக்கத்தில் இறக்குமதிச் சரக்குக்கு 5 சதவீத விற்பனை வரி கேட்டபோது மொகதிஷு வணிகர்கள் கடையை அடைத்துப் போராடினார்கள். அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது: நாங்கள் ஏற்கெனவே ஒரு பக்கம் கட்டுகிறோமே? அல்-ஷபாபுக்குத்தான். அவர்களுடைய வரித்துறை அரசின் வரித்துறையைவிடத் துல்லியமானது. எந்தக் கப்பலில் யாருக்கு என்ன சரக்கு வருகிறது என்பது அவர்களுக்குத் தெரியும், லாரிக்கு ரசீதும் தருவார்கள், ஒரு சோதனைச் சாவடியில் கட்டிய ரசீதைக் காட்டினால் அடுத்ததில் மறுபடி கேட்பதில்லை. மாதம் ஒன்றரைக் கோடி டாலராவது அவர்கள் வசூலிக்கிறார்கள் என்று மொகதிஷுவில் உள்ள ஹிரால் ஆய்வு நிறுவனம் 2020-இல் கணக்கிட்டது. அரசுக்குக் கட்ட மறுத்தால் நோட்டீஸ் வரும். அவர்களுக்குக் கட்ட மறுத்தால் என்ன வரும் என்று சொல்லத் தேவையில்லை. 2019 டிசம்பர் 28 அன்று லாரி குண்டு வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்களே, அந்த எக்ஸ்-கண்ட்ரோல் சந்திப்பு அஃப்கோயே சாலையில் வாகனங்களை நிறுத்திச் சோதிக்கும் இடம், வரி வசூலிக்கும் இடமும் அதுவே.

இத்தனைக்கும் நடுவே உள்நாட்டு வருவாய் 2017-இல் 14 கோடி, 2018-இல் 18 கோடி, 2019-இல் 23 கோடி டாலர் என்று ஏறியது. மூன்றே வருஷத்தில் இரண்டு மடங்கு. இதையும் சின்ன எண் என்று தள்ளிவிடலாம், நம் ஊரில் ஒரு பெரிய மாநகராட்சியின் பட்ஜெட் இதைவிடப் பெரியது. ஆனால் கோடு ஏறுகிறதா என்றுதான் வாஷிங்டனில் பார்த்தார்கள். 2018 செப்டம்பரில் உலக வங்கி 8 கோடி டாலர் மானியம் அறிவித்தது. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்குப் பிறகு நேரடியாக அரசுக்கே கொடுத்த முதல் பணம். 2019-இல் புதிய பொது நிதி மேலாண்மைச் சட்டமும் வருவாய்ச் சட்டமும் நிறைவேறின.

அப்புறம் 2020 மார்ச். என்னைப் போன்ற கருவூலக்காரனுக்கு இது திருவிழா.

தள்ளுபடித் திட்டத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் உலக வங்கி, ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி, ஐஎம்எஃப் மூவருக்கும் உள்ள நிலுவை முதலில் தீர வேண்டும். கையில் காசில்லை. என்ன செய்தார்கள்? நார்வே சுமார் 36 கோடி டாலரைக் குறுகிய காலக் கடனாகக் கொடுத்தது. அதை வைத்து உலக வங்கியின் நிலுவை கட்டப்பட்டது. நிலுவை தீர்ந்ததால் சோமாலியா இப்போது உலக வங்கியிடம் நிதி பெறத் தகுதியுள்ள நாடு ஆகிவிட்டது. உடனே உலக வங்கி புதிய நிதி கொடுத்தது. அந்த நிதியில் நார்வேயின் கடன் அடைந்தது. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கிக்கு இதேபோல இங்கிலாந்து கைகொடுத்தது, ஐஎம்எஃப்புக்கு இத்தாலி. பணம் ஒரு சுற்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே போய்ச் சேர்ந்தது. நடுவில் முப்பது வருஷ நிலுவை மறைந்தது. நாங்கள் இதை புக் அட்ஜஸ்ட்மென்ட் என்போம். ஒரு ரூபாய் கையில் தொடாமல் பற்றும் வரவும் எழுதி முடிப்பது. இத்தனை பெரிய புக் அட்ஜஸ்ட்மென்ட்டை நான் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஐஎம்எஃப் தன் பங்குத் தள்ளுபடிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்பு நாடுகளிடம் கையேந்திப் பணம் திரட்டியது தனிக் கதை.

மார்ச் 25 அன்று ஒப்புதல் வந்தது. சோமாலியாவில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்பட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வாரம். வேறு செய்திகளுக்கு நடுவே இது ஒரு மூலையில் போனது. 31-ஆம் தேதி, கடன் கொடுத்த நாடுகளின் குழுவான பாரிஸ் கிளப்பின் நாடுகள் 140 கோடி டாலரைத் தள்ளுபடி செய்தன. எல்லாம் முடிந்தால் 520 கோடிக் கடன் இன்றைய மதிப்பில் 55.7 கோடியாகக் குறையும் என்பது கணக்கு. 'எல்லாம் முடிந்தால்' என்ற நிபந்தனைதான் முக்கியம். இது முதல் படி. இன்னும் மூன்று வருஷமாவது சீர்திருத்தங்களைத் தொடர்ந்து நடத்திக் காட்டினால்தான் இறுதிப் படி.

இங்கே நான் பெய்லேயைப் புகழ்வதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். 2020 ஜூலையில் கைரேயை நாடாளுமன்றம் கவிழ்த்தது. செப்டம்பரில் முகமது ஹுசைன் ரோப்லே பிரதமரானார். பெய்லே அதே இடத்தில் நீடித்தார். 2021 பிப்ரவரியில் ஃபர்மாஜோவின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. ஏப்ரலில் கீழவை அவருக்கு இரண்டு வருஷ நீட்டிப்பு கொடுத்தது. அதே மாதம் மொகதிஷுவில் ராணுவத்தின் பிரிவுகளே ஒன்றையொன்று சுட்டுக்கொண்டன, மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள், மே 1 அன்று நீட்டிப்பு ரத்தானது. கைரேகை எடுத்து, கணக்குத் திறந்து, மாதாமாதம் சம்பளம் போட்ட அதே ராணுவம்தான் அது. நிதி உதவி செய்த நாடுகள் பட்ஜெட் மானியத்தை நிறுத்தின. இந்தக் கூத்துக்கு நடுவே நிதியமைச்சர் ராஜினாமா செய்திருக்க வேண்டாமா? அரசியல் தெரிந்த என் நண்பர்கள் செய்திருக்க வேண்டும் என்பார்கள். செய்திருந்தால் ஐந்தாவது ஆள் வந்து முதல் பக்கத்திலிருந்து படித்திருப்பார், திட்டம் அங்கேயே செத்திருக்கும் என்பது என் சமாதானம். அது சமாதானம்தான், முழு விடை இல்லை. நாற்காலியை விடாதவர்கள் எல்லோரும் சொல்வது இதுதானே.

மானியம் நின்ற அந்த வருஷத்தைத் தாக்குப்பிடிக்க ஒரு அதிர்ஷ்டம் உதவியது. 2021 ஆகஸ்ட்டில் ஐஎம்எஃப் தன் உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் சிறப்பு எடுப்புரிமை (தேவைப்பட்டால் டாலராக மாற்றிக்கொள்ளக்கூடிய ஐஎம்எஃப் கையிருப்பு) ஒதுக்கியபோது சோமாலியாவின் பங்காகச் சுமார் 22 கோடி டாலர் மதிப்புக்கு வந்தது. நிலுவை தீர்ந்து உறுப்பினர் உரிமை உயிர்பெற்றிருந்ததால் அதை எடுத்துப் பயன்படுத்த முடிந்தது.

2022 மே மாதம் வந்தபோது நகத்தைக் கடித்துக்கொண்டுதான் படித்தேன். ஐஎம்எஃப் திட்டத்தின் மறுஆய்வு மே 17-க்குள் முடியாவிட்டால் திட்டம் தானாகவே காலாவதி. ஆட்சியிலோ தேர்தல் முடியாத அரசு. அதன் வாக்குறுதியை வைத்து ஆய்வு நடத்த முடியாது. புதிய ஜனாதிபதியாக ஹசன் ஷேக் முகமது தேர்வானது மே 15. இடையில் இரண்டு நாள்! மூன்று மாத அவகாசம் கேட்டு வாங்கினார்கள், ஜூனில் மறுஆய்வு முடிந்தது. 2014-இல் பெய்லேயை வெளியுறவு அமைச்சராக நியமித்த அரசுக்கு ஜனாதிபதியாக இருந்தவரும் இதே ஹசன் ஷேக்தான். ஆனால் புதிய அமைச்சரவையில் நிதி அவருக்கு இல்லை. ஆகஸ்ட்டில் எல்மி முகமூது நூர் வந்தார், அடுத்த ஆகஸ்ட்டில் பிஹி இமான் எகே.

2023 டிசம்பர் 13 அன்று இறுதிப் படிக்கு ஒப்புதல் கிடைத்தபோது நிதியமைச்சர் எகே. தள்ளுபடியின் மொத்தப் பலன் 450 கோடி டாலர். 2024 மார்ச்சில் பாரிஸ் கிளப் மிச்சமிருந்த 200 கோடியில் 99 சதவீதத்தைத் தள்ளியது. அந்த வருஷம் நவம்பரில் அமெரிக்கா தன் பங்கான நூறு கோடிக்கும் மேற்பட்ட டாலரை அதிகாரபூர்வமாக எழுதித் தள்ளியது. மொகதிஷுவில் கொண்டாட்டம். ஃபர்கேத்தி தொடங்கினார், பெய்லே சுமந்தார், நூரும் எகேவும் முடித்தார்கள். ஒரு பில் நாலு செக்ஷன் தாண்டி வரும்போது கடைசிக் கையெழுத்துப் போட்டவர் பேர்தான் மேலே தெரியும். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இனிஷியல் போட்டவர்களின் பேரும் கோப்பில் இருக்கும், தேடிப் படித்தால் தெரியும்.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த ஏழு வருஷ உழைப்பில் ஒரு சாதாரண மொகதிஷுவாசிக்கு என்ன கிடைத்தது? தான் வாங்காத பழைய கடனைக் கட்ட வேண்டாம் என்ற விடுதலை கிடைத்தது. அதை அவர் எப்போதும் கட்டிக்கொண்டிருக்கவில்லை. புதிய நோட்டு இன்னும் அச்சாகவில்லை. துறைமுகத்தில் கட்டுகிற வரிக்குப் பிறகு அல்-ஷபாபுக்கும் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. நாட்டுக்கு மறுபடி கடன் வாங்கும் தகுதி வந்துவிட்டது, அது வரமா சாபமா என்பது அடுத்து வருகிற அமைச்சர்களின் கையில். 2023-இல் உள்நாட்டு வருவாய் சுமார் 33 கோடி டாலர், பெய்லே நுழைந்தபோது இருந்ததைப்போல மூன்று மடங்கு. அரசின் அன்றாடச் செலவுக்கு அது போதவில்லை, மிச்சத்தை வெளிநாட்டு மானியம்தான் கட்டுகிறது. மானியம் கொடுக்கும் நாடுகள் இப்போது ஒவ்வொன்றாகக் கையை இழுத்துக்கொள்கின்றன. அடுத்த மறுஆய்வு அறிக்கை வரட்டும், அந்த வருவாய் அட்டவணையைத்தான் முதலில் புரட்டுவேன்.